ஊசற் பாலமும் ஊர் நினைவும்

ஓர் ஊரின் பழைய வரலாற்றை நாம் இரண்டு வாயில்களால் அறிகின்றோம். ஒன்று ஏடு, மற்றொன்று நா. ஏடாவது, அரசாங்கத்தாரும் அலுவலாளரும் எழுதிவைத்த குறிப்பு. நாவாவது, தந்தை மகற்கும் மூதாட்டி பேரர்க்கும் சொல்லிச் சொல்லி வழங்கிவரும் நினைவு. இவ்விரண்டும் ஒத்துச் செல்லுங்கால் ஆராய்வோனுக்கு அல்லல் இல்லை. ஒன்று ஒருவாறு கூற, மற்றொன்று வேறாகக் கூறுமாயின், எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் ஐயம் எழுகின்றது. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயில்வோராகிய நமக்கு இவ்வையம் புதியதன்று. சுவடிதோறும் பாடபேதங் கண்டு மயங்குதல் நம் அன்றாடத் தொழிலேயாம். அம்மயக்கத்தையும் அது தீரும் வழியையும் ஒரு பாலத்தின் கதைகொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். அப்பாலம் நியூஸிலாந்து நாட்டின் தென்தீவில், மேற்குக் கடற்கரையை அடுத்து, கிரே என்னும் ஆற்றின் குறுக்கே தொங்குவது. புரூனர் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊர்க்கு உரியது.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘ஸ்விங் பிரிட்ஜ்’ என்னும் ஒரே சொல் இருவகைப் பாலங்களைக் குறிக்கின்றது. ஆற்றின் நடுவிலுள்ள தூணின்மேல் நின்று, மரக்கலம் வருங்கால் பக்கவாட்டில் திரும்பி அதற்கு வழிவிடும் பாலம் ஒரு வகை. இரு கரையிலும் நாட்டிய கோபுரங்களுக்கிடையே வடங்களிலிருந்து தொங்கி, நடப்போர் அடியின்கீழ் அசைந்தாடும் பாலம் மற்றொரு வகை. முன்னதனைச் சுழல்பாலம் என்றும், பின்னதனை ஊசற் பாலம் என்றும் நாம் வழங்கலாம். நியூஸிலாந்து மக்கள் தம் ஆறுகளின்மேல் தொங்கும் நடைபாலங்களைப் பின்னைப் பொருளிலேயே அவ்வாறு அழைக்கின்றனர். புரூனர்ப் பாலமும் அவ்வினத்தைச் சார்ந்ததே. ஆயினும் நடைக்கு மட்டுமன்றிக் கரிவண்டிகளைச் சுமத்தற்கும் அமைந்தமையால், அவற்றினும் பெரியது, வலியது.

ஈண்டு ஓர் ஒற்றுமை நினைக்கத்தக்கது. இங்கிலாந்தின் வடபால், டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாஸில் நகரில், ஆர்ம்ஸ்ட்ராங் என்பாரது தொழிற்சாலையார் கட்டிய சுழல்பாலம் 1876-ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. நீரின் அழுத்தத்தால் இயங்குவது அது. அதே ஆண்டில்தான் புரூனரில் ஊசற் பாலமும் எழுப்பப்பெற்றது. டைன் ஆற்றுப்பகுதி பன்னூறாண்டுகளாக நிலக்கரிக்குப் பெயர்போனது. புரூனரைச் சூழ்ந்த சுரங்கங்களின் பெயர்களைக் கேட்பின், வால்ஸெண்டு என்றும் டைன்ஸைடு என்றும் அவ்வாற்றங்கரைப் பெயர்களே ஒலிக்கின்றன. கடல்கடந்து குடியேறியோர் தம் கருவிகளையும் தொழிற்றிறத்தையும் கொணர்ந்ததுபோலவே ஊர்ப்பெயர்களையும் உடன் கொணர்ந்தனர். இடப்பெயர் என்பது ஏட்டில் ஏறுமுன்னரே நாவில் நின்ற வரலாறு என்பதற்கு இஃதொரு சான்று.

பெயரிலே மற்றொரு படிப்பினையும் உளது. தாமஸ் புரூனர் என்னும் ஆங்கிலேயர் 1846-ஆம் ஆண்டின் இறுதியிற் புறப்பட்டு 1848 வரை அத்தீவின் காடுகளையும் ஆறுகளையும் துருவிச் சென்றார். அச்செலவின்போது கிரே ஆற்றங்கரையில் நிலக்கரி இருத்தலை 1848-இற் கண்டு குறித்தார். அவர்க்கு வழிகாட்டியாய் உடன்சென்று, காட்டில் உணவு தேடித் தந்து உயிர்காத்தவர் கெஹு என்னும் மாவோரி இனத்தார். ஊருக்கும் சுரங்கத்திற்கும் பாலத்திற்கும் நின்ற பெயர் புரூனருடையதே. கெஹுவின் பெயர் நூல்களிலேயே தங்கிற்று. எனவே, நினைவு யாவரையும் ஒப்ப நினைப்பதில்லை என்பதை நாம் முதற்கண் உணர்தல் வேண்டும்.

பாலம் எழுந்த காரணம்

புரூனரில் 1864-ஆம் ஆண்டிற் சுரங்கத் தொழில் தொடங்கிற்று. எடுத்த கரியைப் படகுகளில் ஏற்றி, ஆற்றின் வழியே கிரேமவுத் துறைமுகத்திற்கு இறக்கினர். மலையாறாதலின் வெள்ளம் பெருகினும் நீர் வற்றினும் படகு செல்லுதல் அரிது. ஆகவே துறைமுகத்திலிருந்து இருப்புப்பாதை அமைக்கப்பெற்று, 1876-இல் திறக்கப்பட்டது. அப்பாதை ஆற்றின் தென்கரையில் வந்து நின்றது. முதன்மையான சுரங்கவாயிலோ வடகரையில் இருந்தது. கரியை அக்கரையினின்று இக்கரைக்குக் கொணர ஒரு பாலம் இன்றியமையாததாயிற்று.

அவ்வாறு எழுந்த பாலம் திறக்கப்பெறுமுன்னரே, 1876-இல், ஆற்றில் இடிந்து வீழ்ந்தது. மீண்டும் கட்டப்பெற்று 1877-இல் பயன்பட்டது. அதுமுதல் கரிவண்டிகள் அதன்மேல் ஓடின. தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் அதன்வழி நடந்தனர். வெறுங்கரியை அன்றிக் கோக்குக் கரியும், தீயைத் தாங்கும் செங்கற்களும் அவ்வூரிற் செய்யப்பெற்றன. கோக்குச் சுட்ட தேன்கூடு போன்ற சூளைகள் இன்றும் சிதைவுகளாக அங்கே காணப்படுகின்றன.

ஊசற் பாலத்தின் இயல்பு

தொங்குபாலத்தின் உறுப்புக்கள் ஐந்து: கோபுரம், வடம், வடத்தின் இருமுனைகளையும் நிலத்திற் பிணிக்கும் நங்கூரம், வடத்தினின்று இறங்கும் தொங்கற் கம்பி, அக்கம்பிகள் தாங்கும் நடைதளம். தளத்தின் சுமை கம்பிவழி வடத்திற்கு ஏறுகின்றது. வடம் அதனைக் கோபுரத்தின் தலையிலும் நங்கூரத்தின் பிடியிலும் பகுத்து வைக்கின்றது. ஆதலின் கோபுரம் நசுக்குண்டும், வடம் இழுப்புண்டும் நிற்கின்றன. நங்கூரம் ஒன்று நெகிழினும் பாலம் முழுதும் கெடும்.

இப்பாலம் ஆடுதல் இதன் குற்றமன்று; இயல்பு. ஆயினும் பலர் ஒரே தாளத்தில் அடிவைத்துச் செல்லின், அத்தாளம் பாலத்தின் இயல்பான ஆட்டத்தோடு பொருந்தி, அசைவு மேன்மேலும் பெருகும். இங்கிலாந்தில் பிராட்டன் என்னும் ஊரில் 1831-ஆம் ஆண்டு, படைவீரர் அணிவகுத்து நடந்தபோது தொங்குபாலம் ஒன்று இவ்வாறே முறிந்தது. அதுமுதற்கொண்டு பாலங்களைக் கடக்கும் வீரர் அடியொத்து நடவாது கலைந்து நடக்குமாறு பணிக்கப்பட்டனர். இதனைத் தடுத்தற்பொருட்டே நடைதளத்தின் இருமருங்கும் விறைப்புச் சட்டங்கள் அமைக்கின்றனர். கனத்த கரிவண்டிகள் ஓடும் பாலத்திற்கு அச்சட்டங்கள் எத்துணை வேண்டப்படும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஊசற் பாலத்தின்மேல் நடப்பவன் தான் ஒருவனே நடக்கின்றான் என்று எண்ணுதற்கில்லை. மறுமுனையில் ஒருவன் கால்வைத்தால் இம்முனையில் நிற்பவன் அதனை அறிவான். சுரங்க ஊரின் வாழ்வும் அத்தகையதே. ஒருவன் வைத்த வெடி, ஒருவன் திறந்துவிட்ட கதவு, ஒருவன் சோம்பிவிட்ட காவல், யாவும் எல்லார் உயிரையும் தொடும்.

1896-ஆம் ஆண்டு

இவ்வுண்மை 1896-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26-ஆம் நாள் வியாழக்கிழமை காலை மிகக் கொடிய முறையில் வெளிப்பட்டது. ஏறக்குறைய ஒன்பதரை மணிக்குப் புரூனர்ச் சுரங்கம் வெடித்தது. அன்று உள்ளே இருந்த ஆடவரும் சிறாருமாகிய 65 பேரும் மாண்டனர்; ஒருவரேனும் உயிரோடு மீளவில்லை. அந்நாட்டின் தொழில் விபத்துக்களுள் இதனினும் மிக்க உயிர்களைக் கொண்டது பிறிதில்லை.

நிலக்கரிப் படுகையின் இடுக்குகளில் மீதேன் என்னும் எரிவாயு அடைபட்டுக் கிடக்கும். கரியை வெட்டுங்கால் அது வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை அது கலந்திருப்பின், ஒரு சிறு பொறியே பெருவெடிக்குப் போதும். இதற்கஞ்சியே சுரங்கத்தினுள் ஓயாது புதுக்காற்றைச் செலுத்துகின்றனர். வெடித்தபின் எஞ்சும் காற்றிலோ கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு நிறைந்திருக்கும். தீக்குத் தப்பினோரையும் அது கொல்லும். புரூனரில் தோழரை மீட்கப் புகுந்தோரும் அந்நச்சுக்காற்றால் மயங்கி வீழ்ந்தனர். எனினும் மாறிமாறி உட்புகுந்து உடல்களைக் கொணர்ந்தனர்.

ஊர் ஆற்றின் இருமருங்கும் பரந்திருந்தது. சுரங்கவாயில் வடகரையில்; இறந்தோருட் பெரும்பாலோரை அடக்கஞ்செய்த ஸ்டில்வாட்டர்க் கல்லறைத் தோட்டமோ தென்கரையில். வேலைக்குச் செல்லும் வழியாயிருந்த ஆற்றுக்கடவு அன்று வேறொன்றற்கும் வழியாயிற்று. ஸ்டில்வாட்டரில் 53 பேர் அடக்கம்பெற்றனர். அவர்களுள் 33 பேர்க்குக் குழி ஒன்றே. ஏறத்தாழ ஆறாயிரவர் அவ்விறுதி ஊர்வலத்திற் கலந்துகொண்டனர் என்ப.

ஏடும் நாவும்

வெடிப்பின் காரணத்தை ஆராய விசாரணை நிகழ்ந்தது. எவரும் வேலைசெய்தற்கு உரியதல்லாத ஓரிடத்தில் எவரோ வெடிமருந்து வைத்துக் கொளுத்தியமையே காரணம் என்பது அதன் முடிவு. இஃது ஏட்டின் பாடம். அனுபவம் மிக்க சுரங்கத் தொழிலாளர் பலர் இதனை ஏற்கவில்லை. காற்றோட்டம் போதாமையால் எரிவாயு தேங்கியிருந்தது. அதுவே அழிவிற்கு மூலம் என்று அவர்கள் கருதினர். இது நாவின் பாடம்.

இவ்விரண்டனுள் எது மெய்? அவசரப்பட்டு ஒன்றனைத் தள்ளுதல் முறையன்று. உற்று நோக்கின், இரு பாடங்களும் இருவேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றன. விசாரணை, ‘பொறியை இட்டவர் யார்?’ என்று வினவிற்று. தொழிலாளர், ‘பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளத்தக்கது அங்கே ஏன் இருந்தது?’ என்று வினவினர். முதல் வினாவின் விடை பழியை இறந்தோர்மேற் சுமத்துகின்றது. இறந்தோர் எதிர்வாதம் புரிதல் இயலாது. இரண்டாம் வினாவின் விடை பழியை உயிரோடிருந்து சுரங்கத்தை நடத்தினோர்பால் திருப்புகின்றது. கணவனையும் மகனையும் இழந்த வீட்டிற்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ‘உன் தந்தை தன் பிழையால் மாண்டான்’ என்று கேட்டு வளரும் பிள்ளையும், ‘உன் தந்தை காவாதோர் பிழையால் மாண்டான்’ என்று கேட்டு வளரும் பிள்ளையும் ஒருவர்போல் வளரார். ஏடு எழுதாது விட்ட வினாவை அவ்வூர் நாவில் வைத்துக் காத்தது இதனாலேயே.

ஆயினும் நாவின் பாடத்தையும் ஆராயாது கொள்ளலாகாது. நினைவு நாளையும் எண்ணையும் எளிதில் மயக்கும். துயரம் பழிக்கு ஓர் ஆளைத் தேடும். இடத்தையும், வழியையும், உற்ற உணர்ச்சியையும் அது நெடுங்காலம் பிழையாது வைத்திருக்கும். ஏடோ நாளிலும் எண்ணிலும் வலியது. எழுதினோர் கேளாது விட்டவற்றில் மெலியது. ஆதலால் ஆராய்வோன் மூன்று வினாக்களைக் கைக்கொள்ளுதல் நலம். சொல்பவர் எங்கு நின்று கண்டார்? அவ்வாறு சொல்வதால் அவர்க்கு வரும் பயன் யாது? சொல்லிய செய்தி இடத்தோடு பொருந்துகின்றதா? ஏட்டையும் நாவையும் இம்மூன்றானும் ஒருங்கே சோதித்தல் வேண்டும். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் தாம் கொண்ட பாடத்தை மேலே நிறுத்தி, கொள்ளாத பாடங்களையும் அழித்துவிடாது கீழே காட்டினார்கள். ஊர் வரலாறு எழுதுவோர்க்கும் அதுவே நன்னெறி.

மூன்றாம் சான்று

ஏடும் நாவும் அன்றி மூன்றாவதொரு சான்றும் உண்டு, அஃது இடமே. புரூனர்ச் சுரங்கம் 1906-இல் மூடப்பெற்றது. அதனை அடுத்த சுரங்கங்களிலும் 1942-க்குப் பின் வேலை நிகழவில்லை. கரி நின்றபின் பாலத்திற்கு வேலையில்லை என்று அதனை ஆற்றோடு விட்டிருக்கலாம். அவ்வாறு விடாமல் 1978-இற் செப்பனிட்டனர்; மீண்டும் தளர்ந்தபோது 2004-இற் புதுக்கினர். இப்பொழுது கரிவண்டிகளின்றி மக்கள் நடந்து கடக்கும் பாலமாக அது நிற்கின்றது. அதன்மேல் நின்று நோக்குவோன் இருப்புப்பாதைக் கரையையும் சுரங்கக் கரையையும் ஒருங்கே கண்டு, மேற்கூறிய செய்திகள் இடத்தோடு பொருந்துமாற்றைத் தானே தெளியலாம்.

இந்நினைவு பழங்கதையாய் முடிந்துவிடவும் இல்லை. அதே மாவட்டத்தில் 1926-இல் டாப்ஸன் சுரங்கத்தில் 9 பேரும், 1967-இல் ஸ்ட்ராங்மன் சுரங்கத்தில் 19 பேரும், 2010-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் பைக் ரிவர்ச் சுரங்கத்தில் 29 பேரும் வெடிப்பினால் உயிர்நீத்தனர். பைக் ரிவர் நிகழ்ச்சியை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 2012-இல் அறிக்கை வெளியிட்டது. வாயு மிகுந்தமைக்கு முன்னரே அறிகுறிகள் இருந்தன என்றும், அவை உரியவாறு கவனிக்கப்படவில்லை என்றும் அவ்வறிக்கை கூறிற்று. 1896-இல் தொழிலாளர் நாவில் நின்ற அவ்வினா, நூற்றுப்பதினாறு ஆண்டுகட்குப் பின் அரசாங்கத்தின் ஏட்டிலேயே இடம்பெற்றது.

விடுமுறையில் தத்தம் ஊர்க்குச் செல்லும் மாணவ நண்பர்கள், தம் ஊர்ப் பழைய பாலத்தையோ துறையையோ சுரங்கத்தையோ பற்றி முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பாராக. எழுதுங்கால் சொன்னவர் சொல்லியவாறே எழுதுக. ஏட்டோடு முரணுமிடத்தைத் திருத்தாது முரணென்றே குறித்துவைக்க. அம்முரண்பாட்டினுள்ளே ஒருகால் ஓர் ஊரார் கேட்க விரும்பியும் கேட்கப்பெறாத வினா மறைந்திருத்தல் கூடும்.