சுட்டும் தெரியாத கை



லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தை வேகமாகப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் நம்மில் அநேகர். மருத்துவமனையில் ஊழியம் செய்யும் எங்களுக்கோ அது பிரியமான அதிகாரம். சந்தேகமான இடத்தில் ஆசாரியன் உடனே தீர்ப்புச் சொல்லாமல், ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்கவேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது.

இட்லிக் கடை வைத்திருந்த ஒரு சகோதரி எங்களிடம் வந்தார். சூடான பாத்திரத்தைப் பிடித்திருக்கிறார். தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் கை வெந்தது தெரிந்ததாம். விரல்களும் மடங்கத் தொடங்கியிருந்தன. வேறோர் இடத்தில் தொழுநோய் என்று சொல்லி, ஓர் ஆண்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். தொழுநோய் வெட்கப்படவேண்டிய வியாதியல்ல, குணமாகிற வியாதி. அதற்காக ஒருவரைத் தள்ளிவைப்பதே தவறு. இல்லாத வியாதிக்காகத் தள்ளிவைத்ததை என்னவென்று சொல்வது?

எங்கள் மருத்துவர் முதலில் பஞ்சால் தொட்டார். தொட்டது தெரிந்தது. ஊசிமுனையால் குத்தினார், தெரியவில்லை. வெந்நீர்க் குழாயையும் குளிர்நீர்க் குழாயையும் மாற்றி மாற்றி வைத்தார். வித்தியாசம் சொல்ல முடியவில்லை. இந்த மரத்துப்போன பகுதி, சால்வை போர்த்தினாற்போல் இரு தோள்களிலிருந்தும் கைகள்வரை இருந்தது. தோலில் தேமல் இல்லை; முழங்கையில் நரம்பு தடிக்கவில்லை. தொழுநோயிலும் சூட்டுணர்வு முதலில் மங்கும். ஆனால் பாதித்த நரம்பின் பகுதியில் நாளடைவில் தொடுவுணர்வும் போய்விடும்.

இதன் காரணம் தண்டுவடத்துக்குள் இருந்தது. வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவே குறுக்காகக் கடந்து மறுபக்கம் போகின்றன. தொடுவுணர்வின் இழைகளோ பின்புறமாக மேலே ஏறுகின்றன. நடுவில் நீர் கோத்து ஒரு குழல்போல் விரிந்தால், குறுக்கே போகிறவைதாம் முதலில் நசுங்கும். சிரிங்கோமயிலியா என்பது இந்த நீர்க்குழலின் பெயர். அபூர்வமான நோய்தான். முதுகெலும்பில் அடிபட்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும், தண்டுவடத்துக் கட்டியாலும் இது வரலாம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகும். அந்தச் செலவு உங்கள் காணிக்கையிலிருந்து கொடுக்கப்பட்டது. சகோதரிக்குச் சிறுமூளையின் அடிநுனி கழுத்துக்குள் இறங்கி, நீரோட்டத்தை அடைத்திருந்தது. 1891-இல் ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் விவரித்த பிறவிக் கோளாறு இது. மண்டையோட்டின் பின்கீழ் எலும்பைச் சற்று நீக்கி இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாருக்கும் அறுவை தேவையில்லை. குழல் சிறியதாய், தொல்லை கூடாமல் இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே போதும்.

சிகிச்சைக்குப் பின் குழல் சுருங்கியது. ஆனால் இழந்த உணர்வு திரும்பவில்லை. பெரும்பாலும் அப்படித்தான், அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. நோய் மேலும் ஏறாமல் நிறுத்துவதே நோக்கம். ஆகையால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்கவேண்டும் என்கிறோம்.

1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படும் காயங்களே அவற்றைத் தேய்க்கின்றன என்று காட்டினார். அதே பாடம் இங்கேயும் பொருந்தியது. மரக் கைப்பிடி, தடித்த பிடிதுணி, இரவுதோறும் விளக்கடியில் இரு கைகளையும் திருப்பிப் பார்ப்பது: இவற்றையெல்லாம் சகோதரிக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தொழுநோய்ப் பிரிவில் பல ஆண்டு சிகிச்சை பெற்ற ஒரு முதியவர். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.