கதையோடு வரும் பாடம்
கைத்தொலைபேசிவழிப் பயிற்சி பயன்தர ஒரு வழி

சொந்த நிலத்தோடு இருந்த காலத்தில் எவரும் எமக்கு வகுப்பு வைத்துக் கமத்தொழிலைக் கற்பிக்கவில்லை. தகப்பனுக்குப் பின்னால் வரம்பில் நடந்த பிள்ளை, எந்த மண்ணில் எப்போது விதைப்பது என்பதைப் பார்த்தே பழகிக்கொண்டது. தாய் விதை வெங்காயத்தைக் கட்டித் தூக்கியபோது பக்கத்தில் நின்ற மகள், விதை பேணும் முறையை அறிந்துகொண்டாள். இடப்பெயர்வோடு நிலம் போயிற்று. அந்தப் பள்ளிக்கூடமும் போயிற்று. முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று தாமே தாய் தகப்பனாராக இருக்கின்றனர். காணி திரும்பக் கிடைத்தாலும், குத்தகைக் காணியில் தொடங்கினாலும், வரம்பில் அவர்களுக்கு முன்னே நடந்து காட்ட ஆளில்லை.

அந்த இடைவெளியை இன்று ஓரளவுக்குக் கைத்தொலைபேசி நிரப்ப முயல்கிறது. 2020இல் கொரோனா முடக்கத்தால் கூட்டங்கள் நின்றபின், இணையவழியாகவும் வட்ஸ்அப் குரல்பதிவாகவும் பயிற்சி வழங்கும் வழக்கம் பரவியது. ஆனால் அனுப்பும் பாடம் மனதில் பதிகிறதா? வயலில் செயலாகிறதா?

எமது அனுபவம்

அந்நாட்களில் நாமும் பாடங்கள் அனுப்பினோம். அவற்றுள் ஒன்று நெல்விதையின் முளைதிறனைச் சோதிப்பது பற்றியது. பத்துக் குறிப்புகள், ஒன்றிலும் பிழையில்லை. போகம் முடிந்தபின் குடும்பங்களைச் சந்தித்தபோது, பாடம் வந்தது பலருக்கு நினைவிருந்தது. சோதனையைச் செய்து பார்த்தவர் மிகச் சிலரே. ஒரு தாயார் மனந்திறந்து சொன்னார்: "சுவாமி, நீங்கள் அனுப்பினது நல்ல விஷயம்தான். ஆனால் அது வேறை ஆருக்கோ சொன்ன மாதிரி இருந்தது."

அவர் சொன்னது சரி. நேரில் நடக்கும் வகுப்பில் முகங்களைப் பார்த்து, விளங்காததைத் திருப்பிச் சொல்லலாம். தொலைபேசியில் அது இயலாது. கேட்பவர் சமைத்துக்கொண்டோ பிள்ளையை உறங்கவைத்துக்கொண்டோ கேட்கிறார். குறிப்புகள் தனித்தனியாக நிற்பவை. இடையில் ஒன்று தவறினால் மற்றதும் நழுவிவிடும். கதையிலோ ஒரு செயல் அடுத்த செயலை இழுத்து வருகிறது. கதையில் வருபவரின் கஷ்டம் எமது கஷ்டமாக இருந்தால், அவருக்கு என்ன நடந்தது என்பதை அறியக் காத்திருப்போம்.

பிற நாட்டார் கண்ட வழி

இது புதிய முறையன்று. 2ஆம் உலகப்போரின் பின் உணவுத் தட்டுப்பாடு நிலவிய பிரித்தானியாவில், புதிய பயிர்ச்செய்கை முறைகளைக் கமக்காரரிடம் சேர்ப்பதற்காக, பிபிசி வானொலி 1951 சனவரியில் 'த ஆர்ச்சர்ஸ்' என்ற தொடர் நாடகத்தை நாடெங்கும் ஒலிபரப்பத் தொடங்கியது. ஒரு கற்பனைக் கிராமத்துக் கமக்காரக் குடும்பத்தின் கதையே அது.

எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் நெல் விளையும் வியட்நாமில் உண்டு. மீகொங் கழிமுகப் பகுதியின் கமக்காரர், இளம்பயிரில் இலைசுருட்டிப் புழுவைக் கண்டதுமே மருந்தடித்து வந்தனர். விதைத்த முதல் 40 நாட்களில் இப்புழுவுக்காகப் பூச்சிநாசினி தெளிப்பது தேவையற்றது என ஆய்வாளர்கள் கண்டனர். இளம்பயிர் புதிய இலைகளை விட்டு இழப்பை ஈடுசெய்துவிடும். முந்தித் தெளித்தாலோ சிலந்தி முதலிய நன்மைதரும் உயிர்கள் அழிந்து, கபிலநிறத் தத்தி பெருக வழியாகும். 1994இல் லோங் ஆன் மாகாணத்தில் இதைச் சிரிப்பூட்டும் சிறு வானொலி நாடகங்களாக ஒலிபரப்பினர். சுவரொட்டிகளும் துண்டுப்பிரசுரங்களும் துணைநின்றன. பின்னர் விசாரித்தபோது, ஒரு போகத்தில் மருந்து தெளிக்கும் தடவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

ஒரே பாடம், கதை வடிவில்

எமது முளைதிறன் பாடத்தைப் பின்னர் இப்படி ஒரு கற்பனைக் கதையாக மாற்றினோம்:

"கமலா அக்கா இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்தார். கையில் இருந்த காசு உழவுக்கே சரியாகிவிட்டது. தெரிந்த ஒருவர் போன வருட நெல்லில் இரண்டு மூடையை விதைக்கென்று கடனாகத் தந்தார். பார்வைக்கு நல்ல நெல். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வயல்காரர் விதைக்கத் தொடங்கிவிட்டார். 'என்ன தங்கச்சி, இன்னும் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்? மழை உனக்காகக் காத்திருக்குமோ?' என்று கேட்டார். கமலா அக்கா மூடையின் மேல், நடு, அடி மூன்றிலும் நெல் எடுத்துக் கலந்து, 100 மணிகளை எண்ணி ஒரு நாள் ஊறவைத்தார். பிறகு ஈரச்சாக்கில் பரப்பிச் சுருட்டி, காயவிடாமல் நீர் தெளித்து வந்தார். மூன்றாம் நாள் விரித்து எண்ணினார். முளைத்தவை 52."

இந்த இடத்தில் பதிவை நிறுத்திவிட்டோம். அன்றிரவே பதில்கள் வந்தன. "நெல்லைத் திருப்பிக் கொடுக்கட்டும்" என்றார் ஒருவர். "இருமடங்கு விதைத்தால் சரி" என்றார் இன்னொருவர். அடுத்த நாள் கதை தொடர்ந்தது. 85 மணிக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 52 முளைக்கும் விதையை இருமடங்கு தூவினாலும் நாற்று வலுவற்றும் இடைவெளி விட்டும் வரலாம். கமலா அக்கா வேறு விதை தேடி, அதையும் சோதித்து, ஒரு கிழமை பிந்தி விதைத்தார். பிந்திய ஒரு கிழமையைவிட, முளைக்காத வயலைத் திரும்ப உழுவது பெரிய நட்டம்.

கதை தயாரிக்கும்போது

1. ஒரு கமக்காரர், ஒரு வயல், ஒரு தீர்மானம் போதும். ஒரு பதிவில் இரண்டு பாடங்களைத் திணிக்க வேண்டாம்.

2. கடன், மழை, அயலவர் பேச்சு ஆகிய நெருக்கடிகள் உண்மையாக இருக்கட்டும். தவறு செய்பவரை மூடராகக் காட்டலாகாது. அவர் எம்முள் ஒருவரே.

3. எம்மவர் பேச்சு வழக்கில், நான்கு நிமிடத்துக்குள் சொல்க. அளவுகளையும் நாட்களையும் முடிவில் ஒருமுறை திருப்பிச் சொல்க. காணொளியைவிடக் குரல்பதிவுக்குச் செலவு குறைவு.

4. தீர்மானம் எடுக்கும் இடத்தில் நிறுத்திக் கேட்பவரின் கருத்தைக் கேட்க. அவர் சிந்திக்கும் அந்த இடைவேளையே வகுப்பு.

5. அன்றே செய்யக்கூடிய ஒரு வேலையோடு முடிக்க.

6. இடம்பெயர்ந்த ஒருவரின் துயரத்தை அவரது சம்மதமின்றிப் பாடமாக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை

கதை பொய்யையும் இதே வேகத்தில் சுமந்து செல்லும். "இந்த மருந்தை அடித்தேன், அள்ளிக்கொடுத்தது" என்பதும் கதைதான். அந்த விளைச்சல் நல்ல மழையாலும் வந்திருக்கலாம். அடிக்காத வயலில் என்ன விளைந்தது என்று கேட்கப் பழகுவோம். நாம் அனுப்பும் கதையையும் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிச் சரிபார்த்தபின் அனுப்புவோம். கேட்டவர் சிறு அளவில் செய்து பார்த்தபின் நம்பட்டும்.

எம்மிடையே பழைய வயல்களை அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் குறிப்புகளைக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவர். "எந்தப் போகத்தில் நட்டப்பட்டீர்கள், ஏன்?" என்று கேட்டால் ஒரு மாலைப்பொழுது போதாது. தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் அருகில் இருந்து அதைப் பதிவு செய்யட்டும். அவர்கள் போனபின் கேட்க முடியாது.

குழுவாகக் கலந்துரையாட

1. தொலைபேசியில் கேட்ட எந்தப் பாடத்தை நாம் செயலில் பார்த்தோம்? எதை மறந்தோம்? ஏன்?

2. எமது குழுவில் எவருடைய நட்டம் மற்றவர்க்குப் பாடமாகும்? அதைச் சொல்ல அவர் விரும்புகிறாரா?

3. அந்தக் கதையை எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்போம்?