ஐரிஷ் பேசத் தொடங்குகிறவர்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

அயர்லாந்துக்கு வேலையாக வந்து குடியேறிய நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பிள்ளைகள் பள்ளியில் ஐரிஷ் படிக்கிறார்கள். எங்களுக்கும் பேச ஆசையாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?" வேல்ஸில் இருப்பவர்கள் வெல்ஷ் பற்றியும், ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் கேலிக் பற்றியும் இதையே கேட்கிறார்கள். யாரும் வற்புறுத்தாமல், தானாக வரும் ஆசை இது. இதை வீணாக்கிவிடக் கூடாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனிக்குப் போனால் ஜெர்மன் தெரியாமல் காலம் தள்ளுவது கடினம். அங்கே பாதிப் பாடத்தைத் தேவையே நடத்திவிடும். ஐரிஷுக்கு அந்த வசதி இல்லை. அதைப் பேசும் பெரியவர்களுக்கெல்லாம் ஆங்கிலமும் தெரியும். ஒரு சொல்கூடக் கற்காமல் அயர்லாந்தில் ஆயுள் முழுக்க வாழலாம். அதனால் பேசவேண்டிய தேவையை நீங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்கான வழிகள்.

1. ஒரே ஒரு மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

இன்று பேசப்படும் கெல்டிக் மொழிகள் ஆறு. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மேங்ஸ் மூன்றும் ஒரு கிளை. வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் மூன்றும் இன்னொரு கிளை. ஒரே கிளைக்குள் முகச்சாடை தெரியும்; கிளை தாண்டினால் பேச்சு புரியாது. நான்கு என்பதற்கு ஐரிஷில் 'க்யஹிர்', வெல்ஷில் 'பெட்வார்'. ஆறையும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்க்கிறவர் எதிலும் பேச மாட்டார். எது அழகு, எது பழமை என்று பார்க்காதீர்கள். யாரோடு பேசப்போகிறீர்கள் என்று பாருங்கள். கார்டிஃபில் வசிப்பவருக்கு வெல்ஷ்தான் பொருத்தம். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் சுமார் 5,38,000 பேர் வெல்ஷ் பேசுவதாகச் சொன்னார்கள். டப்ளினில் வசிப்பவருக்கு ஐரிஷ்.

2. ஒரு வட்டார வழக்கில் ஊன்றி நில்லுங்கள்.

ஐரிஷில் மூன்று பெரிய வழக்குகள்: வடக்கே டோனெகாலில் பேசும் அல்ஸ்டர் வழக்கு, மேற்கே கானமாராவிலும் மேயோவிலும் பேசும் கானக்ட் வழக்கு, தெற்கே கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்ட் பகுதிகளின் மன்ஸ்டர் வழக்கு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற முதல் கேள்வியே மூன்று விதம். டோனெகாலில் 'கஜே மர் தா தூ', கானமாராவில் 'கே ஹீ வில் தூ', கெர்ரியில் 'கொனஸ் தா தூ'. பாடநூல்களில் இருப்பது 1958இல் வகுக்கப்பட்ட அரசுத் தரவழக்கு. அது எழுத்துக்காக உருவானது. எந்த ஊரின் வீட்டுப் பேச்சும் அதுவல்ல. உங்கள் ஆசிரியர் எந்த வழக்கோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று நாக்கில் படிந்தபின் மற்றவை தாமாகப் புரியத் தொடங்கும்.

3. எழுத்தைப் பார்க்குமுன் காதைத் தீட்டுங்கள்.

ஐரிஷ் எழுத்துக்கூட்டைப் பார்த்து மிரளாதவர் இல்லை. அதற்கு ஒழுங்கான விதிகள் உண்டு. ஆனால் ஆங்கில எழுத்தின் பழக்கத்தோடு படித்தால் எல்லாம் தப்பாகவே வரும். அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடின் தாய்மொழி ஐரிஷ் அல்ல. ராஸ்காமன் பகுதியில் சிறுவனாக இருந்தபோது அக்கம்பக்கத்து எளிய மனிதர்களிடம் கேட்டுக் கேட்டே கற்றார். தொடக்கத்தில் நாட்குறிப்பில் ஐரிஷ் சொற்களைக் காதில் விழுந்தபடி ஆங்கில ஒலிப்பிலேயே எழுதிவைத்தார். நீங்கள் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளலாம். ஒரு சொல்லை முதலில் பத்துமுறை கேளுங்கள், பிறகு சொல்லுங்கள், அதன்பின் எழுத்தைப் பாருங்கள். 'டெங்லன்' என்ற இணைய அகராதியில் பல சொற்களை மூன்று வழக்குகளிலும் ஒலிப்பதிவாகக் கேட்கலாம்.

4. ஒவ்வொரு மெய்யும் இரண்டு என்று மனத்தில் பதியுங்கள்.

ஐரிஷில் அநேகமாக எல்லா மெய்யொலிக்கும் அகன்றது, மெலிந்தது என்று இரு வடிவம் உண்டு. அகன்ற 'போ' என்றால் பசு. அதே சொல்லை மெலிந்த பகரத்தோடு 'ப்யோ' என்றால் உயிரோடிருப்பது. 'பாத்' என்றால் ஒரு படகு. ஈற்று மெய்யை மெலித்து 'பாஜ்' என்பதுபோல் முடித்தால் பல படகுகள். ஒருமை பன்மையே இந்த வேறுபாட்டில் நிற்கிறது. ஐரிஷின் அகன்ற 'த்' பல்லில் நாக்கு படும் நம்முடைய தகரத்துக்கு மிக நெருக்கம். அகன்ற ரகரமும் அப்படியே. இவற்றை ஆங்கிலப் பாணிக்கு மாற்றிக்கொள்ளாதீர்கள். தமிழ் நாக்கையே நம்புங்கள்.

5. முதலெழுத்து மாறினால் கலங்காதீர்கள்.

தொடக்கத்தில் பலர் கைவிடும் இடம் இதுதான். நம் புணர்ச்சியில் மாற்றம் பெரும்பாலும் இரு சொல் கூடும் எல்லையில் நடக்கிறது. கெல்டிக் மொழிகள் ஆறிலும், முன்னால் நிற்கும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் தலையெழுத்தே மாறும். படகு 'பாத்'. என் படகு 'மொ வாத்'. எங்கள் படகு 'ஆர் மாத்'. காதில் விழுந்ததை வைத்து வகரத்திலோ மகரத்திலோ தேடினால் அகராதியில் கிடைக்காது. பகரத்தில் தேட வேண்டும். இதற்கான அட்டவணையை மனப்பாடம் செய்வதில் முதல் மாதங்களைச் செலவிடாதீர்கள். 'என் படகு', 'என் அம்மா', 'மேசைமேல்' என்று முழுத் தொடர்களாகவே வாயில் ஏற்றுங்கள். நூறு தொடர் ஏறியபின் அட்டவணையைப் பார்த்தால் ஏற்கெனவே தெரிந்தது போலிருக்கும். மாற்றம் தப்பினாலும் எதிரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

6. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாதீர்கள்.

பாடநூல்கள் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அவை விசித்திரம் என்று விளக்குகிற பலவும் நமக்கு இயல்பு. உடைமையைக் காட்ட ஐரிஷில் தனி வினை கிடையாது. 'தா பாத் அகம்' என்பதை அப்படியே 'என்னிடம் படகு இருக்கிறது' என்று கொள்ளலாம். ஆம், இல்லை என்பதற்கும் பொதுச்சொல் கிடையாது. கேட்ட வினையையே திருப்பிச் சொல்வார்கள். 'அன் திகின் தூ' என்று அவர் கேட்டால் 'திகிம்' அல்லது 'நீ ஹிகிம்' என்பது பதில். புரிகிறதா என்றால் 'புரிகிறது', 'புரியவில்லை' என்று நாம் சொல்வது போலத்தான். மனிதரை எண்ண இருவர், மூவர், நால்வர் என்று நமக்குத் தனிச்சொற்கள் இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு. வினை மட்டும் நமக்கு நேர் எதிர்: நமக்குக் கடைசியில், அவர்களுக்கு முதலில். அந்த ஒன்றைப் பழகிவிட்டால் தமிழிலிருந்து நேராகவே ஐரிஷுக்குப் போகலாம்.

7. 'நீ' என்று சொல்லக் கூசாதீர்கள்.

நம்மவர்கள் நாக்குத் தடுக்கும் இடம் இது. இன்றைய ஐரிஷில் எதிரில் இருப்பவர் ஒருவர் என்றால், எண்பது வயதுப் பாட்டியானாலும் 'தூ'தான். பலரைச் சொல்லத்தான் 'ஷிவ்'. மரியாதை குரலிலும் கேட்கும் விதத்திலும் இருக்கிறது. ஸ்காட்டிஷ் கேலிக்கிலும் வெல்ஷிலும் நிலைமை வேறு: அங்கே மூத்தவருக்கும் முன்பின் தெரியாதவருக்கும் பன்மை வடிவத்தைப் பயன்படுத்துவார்கள்.

8. உரையாடலை நீட்டிக்கும் தொடர்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

நிறங்கள், விலங்குகள், பழங்கள் என்று பட்டியல் பட்டியலாகப் படித்தவர் உரையாடலின் இரண்டாம் வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். உங்களை ஐரிஷுக்குள்ளேயே நிறுத்திவைக்கும் தொடர்கள் வேறு. 'புரியவில்லை.' 'இன்னொரு முறை சொல்லுங்கள்', அதாவது 'அபர் அரீஷ் ஏ'. 'கொஞ்சம் மெதுவாக.' 'இதற்கு ஐரிஷில் என்ன சொல்வார்கள்?' 'நான் இப்போதுதான் கற்கிறேன்.' இந்த ஐந்தும் தயங்காமல் வந்தால், இருநூறு சொல் தெரிந்தாலே அரைமணி நேரம் பேசலாம். தெரியாத சொல்லை அந்த மொழியிலேயே கேட்டு வாங்குவதும் பேச்சுதான்.

9. எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறினால் மனம் நோகாதீர்கள்.

இது நிச்சயம் நடக்கும். அதன் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஐரிஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் குச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, பேசிய ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஒரு வெட்டு வெட்டி, வெட்டுகளை எண்ணி அடித்த கொடுமையும் உண்டு. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் ஐரிஷ் பேசிய மேற்கையும் தெற்கையும்தான் கடுமையாகத் தாக்கியது. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவினர் நாட்டைவிட்டுப் போனார்கள். பிழைக்க ஆங்கிலம்தான் வழி என்று பெற்றோரே முடிவு செய்த காலம் அது. இன்றோ பள்ளியில் பல ஆண்டு ஐரிஷ் படித்தும் வாய் திறக்க வெட்கப்படுகிறவர்கள் ஏராளம். 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 18,73,997 பேர். கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுவதாகச் சொன்னவர்கள் 71,968 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் அந்த வெட்கமும் நிற்கிறது. அதனால் ஒருவரைப் பார்த்து "பேசுங்கள், பேசுங்கள்" என்று நெருக்காதீர்கள். "பத்து நிமிடம் ஐரிஷிலேயே பேசலாமா?" என்று முன்கூட்டிக் கேளுங்கள். ஒத்துக்கொண்டவர் பொறுமையாக இருப்பார். கூட்டம் நிற்கிற கடையில் கல்லாவில் இருப்பவரைப் பிடித்துப் பாடம் கேட்காதீர்கள்.

10. பேசுவதற்கு ஓர் இடமும் ஒரு நேரமும் குறித்துவிடுங்கள்.

முகப்பில் சொன்ன தேவையை உண்டாக்க இதைவிடப் பலமான வழி இல்லை. பல ஊர்களில் நூலகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் உரையாடல் வட்டங்கள் கூடுகின்றன. தொடக்கநிலையாளருக்கு அங்கே இடமுண்டு. 1893இல் ஹைடும் நண்பர்களும் ஐரிஷை வளர்க்கத் தொடங்கிய கேலிக் லீக் இன்றும் வகுப்புகள் நடத்துகிறது. 2016இல் டப்ளினில் தொடங்கிய 'பாப்-அப் கேல்தாக்த்' கூட்டங்களில், ஏதாவதொரு மதுக்கடையில் கூடி ஐரிஷில் பேசிக்கொண்டிருப்பார்கள். மது அருந்தாதவர் பழச்சாறு வாங்கிக்கொண்டு பேசலாம். சிலர் சட்டையில் 'ஃபாய்ன்யே' என்ற சிறு வளையச் சின்னம் அணிந்திருப்பார்கள். 'என்னோடு ஐரிஷில் பேசலாம்' என்பதற்கு அது அடையாளம். ஒரு வாரம் விடுப்பு கிடைத்தால், ஐரிஷ் வீட்டுமொழியாகப் புழங்கும் கேல்தாக்த் பகுதிக்கே போய்விடுங்கள். டோனெகாலின் க்ளென்கொலம்கில் ஊரில் 'இஜஸ் கேல்' நிறுவனம் 1984 முதல் பெரியவர்களுக்கென்றே பாடம் நடத்துகிறது. இதேபோல் வெல்ஷ் கற்க நான்ட் க்வர்தேர்ன் மையமும், ஸ்காட்டிஷ் கேலிக் கற்க ஸ்கை தீவின் சவால் மோர் ஓஸ்டக் கல்லூரியும் இருக்கின்றன. வாரம் ஒரு மணி நேரமாவது, குறித்த நாளில், குறித்த மனிதரோடு பேசுங்கள். அவர் காத்திருப்பார் என்பதற்காகவே போவீர்கள்.

11. தினமும் காதில் விழச் செய்யுங்கள்.

1972 முதல் ராடியோ ந கேல்தாக்தா ஒலிபரப்பாகிறது. 1996 முதல் டி.ஜி.4 தொலைக்காட்சி இருக்கிறது. இரண்டையும் இணையத்திலும் பெறலாம். வானிலை அறிக்கையில் தொடங்குங்கள். மழை, காற்று, மேற்கு, நாளை என்று அதே சொற்கள் தினமும் திரும்ப வரும். பிறகு 'ரோஸ் ந ரூன்' தொடர்நாடகத்துக்குப் போங்கள். வீட்டுச் சண்டையும் சமாதானமும் எப்படிப் பேசப்படுகின்றன என்று அதில் தெரியும். கைபேசிச் செயலிகள் நாள்தவறாப் பழக்கத்துக்கு உதவும். ஆனால் உங்கள் வாயிலிருந்து வருவதைக் கேட்டுத் திருத்தவும், முகம் பார்த்துச் சிரிக்கவும் மனிதர் வேண்டும். செயலியை மட்டும் நம்பி ஆண்டைக் கடத்தாதீர்கள்.

12. தப்பும் தவறுமாகவே பேசுங்கள். கற்றதை அடுத்தவருக்குக் கொடுங்கள்.

"நன்றாக வந்தபிறகு பேசுகிறேன்" என்பவர்களுக்கு மேன் தீவின் கதையைச் சொல்வேன். மேங்ஸைத் தாய்மொழியாகக் கொண்ட கடைசி மனிதர் நெட் மாட்ரல் 1974இல் மறைந்தார். 1948இல் அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் கருவியோடு வந்து, மிஞ்சியிருந்த முதியவர்களின் குரலைப் பதிந்துவைத்திருந்தது. அந்த முதியவர்களைத் தேடிப் போய், அருகில் உட்கார்ந்து, திக்கித் திக்கிப் பேசிக் கற்றவர்கள் சிலரே. அவர்கள் இன்னும் சிலருக்குக் கற்பித்தார்கள். 2001இல் மேங்ஸ் வழிக் கல்விக்கு ஒரு தொடக்கப்பள்ளி திறந்தது. அம்மொழி அழிந்துவிட்டதென 2009இல் யுனெஸ்கோ பட்டியலிட்டபோது, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மேங்ஸிலேயே கடிதம் எழுதி மறுத்தார்கள், பட்டியல் திருத்தப்பட்டது. இடையில் அந்த மொழியைத் தாங்கியவர்கள் எல்லோரும் தொடக்கநிலையாளராக இருந்தவர்கள்தான். பிழையில்லாமல் பேச வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் அந்தப் பள்ளியே இருந்திருக்காது.

ஆகவே இந்த வாரமே ஓர் உரையாடல் வட்டத்தைக் கண்டுபிடித்து, எட்டாவது அறிவுரையில் சொன்ன ஐந்து தொடர்களோடு போய் உட்காருங்கள். வீட்டில் பிள்ளை ஐரிஷ் பாடம் படித்தால் சாப்பாட்டு வேளையில் அந்தப் பாடத்தில் வருவதையே பேசுங்கள். பிள்ளை திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து உங்களுக்குப் பின்னால் ஒருவர் தயங்கி வந்து நிற்பார். அவரிடம் முதலில் ஐரிஷில் பேசுகிறவர் நீங்களாக இருக்க வேண்டும்.