மண்ணில் கூடும், தோலில் படரும்

படர்தாமரை போகவில்லை என்று வருகிறவர்களின் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பல வருடங்களாக என் வேலை. அதற்குக் காரணமான பூஞ்சைக் குடும்பத்தை மண்ணிலிருந்து எடுப்பது என் ஆசை. இரண்டையும் செய்ததில்தான் இந்த நோயின் போக்கு எனக்குப் பிடிபட்டது.

மண்ணில் எடுக்க, பெல்ஜியத்தின் வான்பிரூசெகெம் 1952இல் சொன்ன முறையே இன்றும் கைகொடுக்கிறது. கோழி மேயும் இடத்து மண்ணை பெட்ரி தட்டில் பரப்பி, ஆட்டோகிளேவ் செய்த முடியைத் தூவி, ஈரம் காயாமல் சில வாரம் வைத்தால் முடிமேல் வெளுப்பாகப் பூக்கும். நன்னீசியா ஜிப்சியா என்ற பூஞ்சை எனக்கு அப்படித்தான் அடிக்கடி கிடைத்தது. அதில் பிளஸ், மைனஸ் என இரண்டு இணைவகை. அருகருகே வளரவிட்டால் கூடி, கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் உருண்டைகள் கட்டும். உள்ளே நுண்பைகள், பைக்கு எட்டு வித்து. இத்தாலியின் நன்னீசி இதை 1927லேயே சொன்னார். வேறு பூஞ்சை கலந்திருக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1960இல் கிரிஃபின் என்ற ஆய்வாளர் மறுபடி கண்டபிறகே ஏற்றார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

தோலில் அந்த உருண்டையை நான் பார்த்ததே இல்லை. கிளைவிடும் இழையும் அது துண்டுதுண்டாக உடைந்து உண்டான வித்துகளும்தான் இருக்கும். மனிதத் தோலுக்கே பழகிப்போன டிரைக்கோஃபைட்டான் ரூப்ரத்தில் உலகெங்கும் அநேகமாக ஒரே இணைவகைதான். கூடுவதற்கு ஜோடி இல்லை. ஒரே பூஞ்சை நகல் நகலாக ஆளுக்கு ஆள் போகிறது. நம் நாட்டில் பெருகி, 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் பெற்றதும் இப்படிப் பரவுவதே. டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்து குறிவைக்கும் நொதியில் ஒரு மாற்றம் வந்து அது பலிக்காமல் போனால், அந்தக் குணம் அதன் வழிவந்த நகல்களுக்கெல்லாம் அப்படியே போகும்.

"தடவினா போயிடுது சார், விட்டா திரும்ப வந்துடுது" என்பவரிடம் முதலில் ட்யூபைக் கேட்பேன். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று போட்டிருந்தால் ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். பூஞ்சை அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். வட்டத்தின் விளிம்பு கலைந்து டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தயவுசெய்து கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

சோதனைக்கு முன் களிம்பை எத்தனை நாள் நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். பவுடர் பூசி வராதீர்கள். வட்டத்தின் நடுவில் சுரண்டினால், விளிம்பில் எடுக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். வளரும் பூஞ்சை அங்கேதான்.

அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொன்ன நாள்வரை போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் ஒன்றாகவே காட்டுங்கள். துண்டும் உள்ளாடையும் தனி; வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

தோட்ட வேலை செய்பவர் கையிலோ மண்ணில் விளையாடும் பிள்ளை முகத்திலோ சிவந்து வீங்கிய ஒற்றை வட்டம் வந்தால், மண்ணில் புழங்கியதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது மண்ணுக்குரிய பூஞ்சையாக இருக்கலாம். அதற்கும் மருந்து வேண்டும். ஆனால் வீட்டில் மற்றவருக்கு ஒட்டுவது அரிது.