'புட் ஆன்' எனும் ஆங்கிலத் தொடர்வினையும் தமிழின் வேறுவினை மரபும்: டி. கல்லுப்பட்டி வட்டார வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் 'புட் ஆன்' என்னும் ஒரு தொடர்வினை உணர்த்தும் கருத்துகளைத் தமிழ் பல வினைகளால் உணர்த்துகிறது. அவ்வினைகளை ஒருபொருட் பன்மொழிப் பட்டியலாகத் தருவது போதாது. எப்பெயருடன் எவ்வினை இயையும் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. தொல்காப்பியம் கூறும் 'வேறுவினைப் பொதுச்சொல்' மரபு இச்சிக்கலைத் தீர்க்கத்தக்க கருவி என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: தொடர்வினை, பொதுவினை, சிறப்புவினை, துணைவினை, மதுரை வழக்கு.

முன்னுரை

ஆங்கில வினைச்சொல் 'ஆன்', 'ஆஃப்', 'அப்' போன்ற இடைச்சொல்லோடு சேர்ந்து, தன் உறுப்புகளின் பொருளிலிருந்து விலகிய புதுப்பொருளைத் தருவதுண்டு. அதனைத் தொடர்வினை எனலாம். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்பு ஆங்கிலப் பாடங்களில் இவை இடம்பெறுகின்றன. மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டி போன்ற ஊர்களில் தமிழ்வழி பயிலும் மாணவர், 'புட் ஆன்' என்பதற்கு 'அணி' என்று மட்டும் மனனம் செய்தால், விளக்கையும் நாடகத்தையும் உடற்பருமனையும் பற்றிய தொடர்களில் அப்பொருள் உதவுவதில்லை. ஆயின், அம்மாணவரின் வீட்டு வழக்கிலேயே அதற்கான விடை இருக்கிறது.

'போடு' எனும் வினையின் ஒப்புமை

மதுரைச் சமவெளியின் பேச்சு வழக்கில் சட்டை போடுதல், விளக்கைப் போடுதல், பாட்டுப் போடுதல், நாடகம் போடுதல், வேடம் போடுதல், சதை போடுதல் ஆகியன இயல்பானவை. இவ்வாறு இடங்களிலும் ஆங்கிலம் 'புட் ஆன்' என்றே கூறும். இடுதல், வைத்தல் என்னும் அடிப்படைப் பொருளுடைய வினை, தன் சொந்தப் பொருளின் கனம் குறைந்து, உடன்வரும் பெயரின் செயலை நிகழ்த்தும் கருவியாக மாறுவது இரு மொழிகளிலும் நிகழ்ந்துள்ளது. ஆங்கிலத்தில் 'ஆன்' என்னும் இடைச்சொல் அம்மாற்றத்திற்குத் துணைசெய்கிறது. தமிழில் முன்வரும் பெயரே அப்பணியைச் செய்கிறது.

இவ்வொப்புமை முழுமையானதன்று. 'எடை போடு' என்பது நிறுத்தலையும் மதிப்பிடுதலையும் முதன்மையாகக் குறிக்கும். எடை கூடுதலைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை எழுத்துத் தமிழில் 'எடை போட்டான்' எனப் பெயர்த்தால் பொருள் மயங்கும். சண்டை போடுதல், ஊசி போடுதல், கையெழுத்துப் போடுதல் ஆகியவற்றிற்கோ 'புட் ஆன்' பொருந்தாது.

உடுத்தலைக் குறிக்கும் மற்றோர் ஆங்கில வினையான 'டான்' என்பதும் 'டூ ஆன்' என்னும் இரு சொற்கள் மருவி உண்டானதே. பொதுவினையோடு இடைச்சொல் சேர்ந்து சிறப்புப் பொருள் பெறுவது அம்மொழியில் பழைய வழக்கு என்பதற்கு இது சான்று.

சிறப்புவினைகளின் எல்லை

உடுத்தல் பொருளில் 'போடு' எல்லாப் பெயர்களோடும் இயைவதில்லை. வேட்டியும் சேலையும் கட்டப்படுவன. பூ வைக்கப்படுவது அல்லது சூடப்படுவது. பொட்டு வைக்கப்படுவது அல்லது இடப்படுவது. சந்தனம் பூசப்படுவது. கைக்கடிகாரம் கட்டப்படுவது. செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் போடலாம், மாட்டலாம். தாவணி, கட்டு, போடு என்னும் இரண்டையும் ஏற்கும். ஆடை உடலோடு சேரும் முறையே வினையைத் தேர்கிறது. ஒரே துண்டைத் தோளில் போடுவர், தலையில் கட்டுவர்.

அணிவோர் யார் என்பதும் வினையை மாற்றும். தலைவருக்கு மாலை போடுவர், இறைவனுக்குச் சாத்துவர், மணமக்கள் மாலை சூடுவர். டி. கல்லுப்பட்டி வழியே செல்லும் சாலை சென்றடையும் ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாள், 'சூடிக் கொடுத்தவள்' என்றே வழங்கப்பெறுகிறாள். அங்குச் 'சூடி' என்பதை நீக்கிப் 'போட்டு' என்றால் பொருள் புரியலாம், மரபு கெடும்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் மேற்கொண்ட உடைமாற்றத்தைத் தமிழில் கூறுவோர், அவர் அரையாடை உடுத்தினார் என்பர், வேட்டி கட்டினார் என்பர். வேட்டி போட்டார் என்னார். 1940இல் டி. கல்லுப்பட்டியில் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமம் கதர்ப் பணியோடு தொடர்புடையது. கதர்ச் சட்டையைப் போடுதல், கதர் வேட்டியைக் கட்டுதல், கதராடை அணிதல் என மூன்று வினைகள் அங்கும் தத்தம் பெயரையே சார்ந்து நிற்கின்றன. இவற்றுள் இறுதியது மட்டும் ஏன் பொதுப்பெயரை ஏற்கிறது என்னும் வினாவிற்கு இலக்கணம் விடை தருகிறது.

தொல்காப்பிய நெறி

வெவ்வேறு சிறப்புவினைகளுக்குரியவற்றைத் தன்னுள் அடக்கிய பொதுப்பெயரைக் கிளவியாக்கம் 'வேறுவினைப் பொதுச்சொல்' என்கிறது. அப்பெயரை ஒன்றற்கே உரிய வினையால் முடித்தலாகாது, பொதுவினையால் முடித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் 'அணி' என்னும் சொல்லை எடுத்துக்காட்டி, அணிகலன்களைக் கவிப்பன, கட்டுவன, செறிப்பன, பூண்பன எனப் பகுப்பர். இவையனைத்திற்கும் 'அணிதல்' பொதுவினையாகும். பல பெயர்களை எண்ணிக் கூறுமிடத்தும் இதுவே நெறி. 'சேலையும் வளையலும் பூவும் கட்டினாள்' என்பது வழு, 'அணிந்தாள்' என்பது மரபு. நன்னூலும் இந்நெறியைத் தழுவுகிறது.

இதன்படி நோக்கின், 'புட் ஆன்' என்பது ஆங்கிலத்தின் பொதுவினை. எழுத்துத் தமிழில் அதற்கு இணை 'அணி'. பேச்சுத் தமிழில் 'போடு' அவ்விடத்தை நோக்கி வளர்ந்திருப்பினும், கட்டுவனவற்றையும் சூடுவனவற்றையும் இன்னும் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை.

துணைவினையின் பணி

'புட் ஆன்' என்பது அணியும் செயலையும், 'வேர்' என்பது அணிந்திருக்கும் நிலையையும் குறிக்கும். தமிழ் இவ்வேறுபாட்டை வினையடியை மாற்றாமல் துணைவினையால் காட்டும். சட்டையைப் போட்டுக்கொண்டான் என்பது தனக்காகச் செய்த செயல். குழந்தைக்குச் சட்டை போட்டுவிட்டாள் என்பது பிறர்க்காகச் செய்தது. சட்டை போட்டிருக்கிறான் என்பது நிலை. ஆங்கிலத்தில் சூழலால் உய்த்துணர வேண்டிய தன்மை, பிறர் வேறுபாடு தமிழில் வெளிப்படையாக அமைகிறது. ஆகவே, 'ஆன்' என்பதற்கு 'மேல்' என நேர்ச்சொல் தேடுவது பயனற்றது.

முடிவுரை

திவாகரம் 12 தொகுதிகளுள் ஒருசொல் பல்பொருளுக்குத் தனித்தொகுதி வகுத்தது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களால் பொருளை வரையறுத்தது. தொடர்வினைகளுக்கான ஆங்கிலம்-தமிழ் அகராதி இவ்விரு வழிகளையும் இணைத்து, முதலில் பொதுவினையையும், அடுத்துப் பெயர்வாரியாகச் சிறப்புவினைகளையும், இறுதியில் துணைவினை வேறுபாட்டையும் தருதல் வேண்டும். வட்டார வழக்கைப் பிழையென ஒதுக்காமல் சான்றாகக் கொள்ளும் அத்தகைய அகராதி, தமிழ்வழி மாணவர்க்கு ஆங்கிலத்தை எளிதாக்கும். மொழிபெயர்ப்பில் கட்டு, சூடு, பூண், சாத்து போன்ற வினைகள் 'அணி' என்னும் ஒன்றனுள் கரைந்து மறைவதையும் அது தடுக்கும்.