கத்னாவும் மருத்துவமும்

பெண் உறுப்புச் சிதைப்பு என்றவுடன் தஞ்சையில் பயிலும் நமக்கு ஆப்பிரிக்காவே நினைவுக்கு வரும். ஆனால் பாக்கு நீரிணைக்கு அப்பால், இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில், பிறந்த 40ஆம் நாளையொட்டிப் பெண் குழந்தைக்கு ‘ஒஸ்தா மாமி’ கத்னா செய்யும் வழக்கம் உண்டு. சிறு கீறல்தானே என்பர். அவ்விடமோ நரம்பும் இரத்தக் குழாயும் செறிந்தது. இரத்தப்போக்கு, சீழ், சிறுநீர் அடைப்பு நேரலாம்.

ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் தைத்தே மூடிவிடுகின்றனர். அதனை மகப்பேற்றின்போதோ அதற்கு முன்போ அறுவையால் திறக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2016இல் வழிகாட்டியது.

மருத்துவரே தூய கத்தியால் செய்தால் என்ன? தொற்று குறையலாம், நலமேதும் இல்லை. இலங்கைச் சுகாதார அமைச்சு 2018இல் மருத்துவர்களைத் தடுத்துச் சுற்றறிக்கை விடுத்தது சரியே என்பேன்.

பின்னாளில் வலியோடு வருபவள் எளிதில் வாய் திறக்கமாட்டாள். முகம் சுளிக்கும் செவிலியரிடம் மறுமுறை வரவும்மாட்டாள்.