மார்பக அறுவை சிகிச்சை: ஃபோனைத் துணைக்கு வைத்துக்கொள்வது எப்படி?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் பெரும்பாலும் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உடம்பில், காயத்தில் ஊறும் நீரைப் பாட்டிலில் வடிக்கும் டிரெயின் குழாய், கையில் மருந்துச் சீட்டு, மறுபடி வரச்சொன்ன தேதி. மற்றதெல்லாம் ஞாபகத்தில்தான். அடுத்த முறை போகும்போது, "நேத்து எவ்வளவு வடிஞ்சுதும்மா?" என்று டாக்டர் கேட்பார். "கொஞ்சம்தான் டாக்டர்" என்று பதில் வரும். அந்தக் "கொஞ்சத்தை" நம்பி எந்த டாக்டரும் குழாயை எடுக்க மாட்டார்.

இங்கேதான் ஃபோன் கைகொடுக்கும். கனடாவில், டொரான்டோ நகரின் விமன்ஸ் காலேஜ் மருத்துவமனையில், மார்பகச் சீரமைப்பு அறுவை செய்துகொண்ட 65 பெண்களை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வழக்கம்போல் நேரில் வந்தார்கள். மற்றவர்கள் காயத்தின் படத்தையும் வலியின் அளவையும் செயலி வழியே அனுப்பினார்கள். முதல் 30 நாளில் செயலிப் பிரிவினர் மருத்துவமனைக்கு வந்த தடவைகள், மற்றவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. அதனால் சிக்கல்கள் கூடவில்லை. இந்த முடிவு 2017இல் வெளியானது. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே வந்த படங்களைப் பார்க்க மருத்துவர் இருந்தார். எந்தச் செயலியும் மறுமுனையில் ஆள் இருந்தால்தான் உதவும்.

நம் வீட்டில் இதற்கென்று புதிய செயலி தேட வேண்டாம். ஃபோனில் ஏற்கெனவே இருக்கும் கடிகாரம், நோட்ஸ், கேமரா, காலண்டர், வாட்ஸ்அப் ஆகிய ஐந்தும் போதும்.

1. அறுவைக்கு முன்பே தயாராகுங்கள்

பயாப்சி, மேமோகிராம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்கள், தினமும் போடும் மாத்திரைகளின் அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றைப் படமெடுத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் எழுதி வையுங்கள். வார்டு எண்ணையும் டாக்டரின் உதவியாளர் எண்ணையும் நோயாளியின் ஃபோனிலும் கூட இருப்பவர் ஃபோனிலும் பதியுங்கள்.

அடுத்து, தையல் டேப்பால் இரண்டு கைகளையும் அளக்க வேண்டும். மணிக்கட்டில் ஓர் அளவு, முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. கீழே ஒன்று, 10 செ.மீ. மேலே ஒன்று. ஆறு எண்களையும் தேதியோடு நோட்ஸில் குறியுங்கள். இது எதற்கு என்று கடைசிப் படியில் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பலாமா, எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டுவிடுங்கள். டாக்டர் சொல்லும் அறிவுரைகளை, அவரிடம் அனுமதி கேட்டு, ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

2. டிரெயின் கணக்கு

காலை 7, மாலை 7 என்று இரண்டு அலாரம் வையுங்கள். நர்ஸ் கற்றுத்தந்தபடி கையைக் கழுவி, பாட்டிலில் சேர்ந்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, உடனே எழுதுங்கள். ஒரு வரி போதும்: "12ஆம் தேதி, காலை, 40 மி.லி., இளஞ்சிவப்பு." இரண்டு குழாய் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

முதலில் சிவப்பாக வருவது போகப்போக இளஞ்சிவப்பாகி, பிறகு வெளிர்மஞ்சளாகும். அளவும் குறைந்துகொண்டே வரும். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே, அதுவும் அடுத்தடுத்து இரண்டு நாள் என்றால், பல மருத்துவர்கள் குழாயை எடுத்துவிடுவார்கள். முடிவு அவர்களுடையது. அந்த முடிவுக்கு வேண்டிய எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

3. காயத்தின் படம்

ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், தினமும் ஒரே நேரம், ஒரே தூரத்தில் எடுங்கள். கிட்டத்தில் ஒன்று, அக்குளும் சேர்ந்து தெரியும்படி சற்றுத் தள்ளி ஒன்று. வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்தால், சிவப்பு கூடியிருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. முகம் படத்தில் விழ வேண்டாம்.

அனுப்பும்போது படத்தை மட்டும் தள்ளிவிடாமல் கூடவே எழுதுங்கள்: பெயர், அறுவை நடந்த தேதி, இன்று எத்தனையாவது நாள், காய்ச்சல் அளவு, டிரெயின் அளவு, என்ன சந்தேகம்.

இது உங்கள் உடம்பின் படம். பல வீடுகளில் அம்மாவின் ஃபோன் மகனின் கூகுள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எடுத்த படம் தானாகவே ஏறி, மகனின் ஃபோனிலும் தெரியும். எனவே கூகுள் போட்டோஸில் பேக்கப்பை முதலில் நிறுத்துங்கள். அனுப்பி முடித்ததும் படங்களைப் பூட்டிய ஃபோல்டருக்கு மாற்றுங்கள். குடும்ப குரூப்பில் ஒருபோதும் போடாதீர்கள், "எப்படி இருக்கே?" என்று கேட்கும் சித்திக்குக் குரல் செய்தி போதும்.

4. மாத்திரையும் பயிற்சியும்

அலாரத்துக்கு மாத்திரையின் பெயரையே வையுங்கள்: "வலி மாத்திரை, சாப்பிட்ட பிறகு." போட்டபின் நோட்ஸில் ஒரு டிக். "போட்டேனா, இல்லையா?" என்று குழம்பி இரண்டாவது முறை போடுவதை இது தடுக்கும்.

கைப்பயிற்சிக்குத் தனி அலாரம். விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே செய்யச் சொல்வார்கள். தோளுக்கு மேலே கையைத் தூக்குவதை மருத்துவர் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் செய்து காட்டுவதை, அவர் சம்மதத்துடன், வீடியோ எடுத்துவந்து அதைப் பார்த்தே செய்யுங்கள். யூடியூபில் கண்ணில் பட்ட பயிற்சி உங்கள் அறுவைக்குப் பொருந்தாமல் போகலாம்.

5. செய்தி அனுப்பாமல் கூப்பிட வேண்டிய நேரங்கள்

காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலோ, காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழோ கெட்ட வாடையோ வந்தாலோ, திடீரென்று வீங்கினாலோ, பாட்டிலில் சுத்தச் சிவப்பு ரத்தம் வேகமாக நிரம்பினாலோ உடனே மருத்துவமனைக்கு ஃபோன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் நேரில் போய்விடுங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ 108. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுவது டாக்டரின் பதில் ஆகாது.

6. வாரங்கள், வருடங்கள்

அறுவையில் எடுத்த கட்டியின் ரிப்போர்ட் வரும் தேதியைக் காலண்டரில் போடுங்கள். கீமோவா, கதிர்வீச்சா என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஹார்மோன் மாத்திரை எழுதப்பட்டவர்கள் அதை 5 ஆண்டு, சிலர் 10 ஆண்டு வரை தினமும் போட வேண்டியிருக்கும். வலி போன பிறகும் அந்த அலாரத்தை அணைக்காதீர்கள்.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு, மாதங்களோ வருடங்களோ கழித்துக்கூட அந்தப் பக்கக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டுப்படுத்துவது எளிது. மாதம் ஒரு நாள், அறுவைக்கு முன் அளந்த அதே இடங்களில் டேப்பால் அளந்து, பழைய எண்களோடும் மறுகையோடும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 2 செ.மீ. ஆனாலோ, வளையல் திடீரென்று இறுகினாலோ, கை கனத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்களா? மற்றவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே டேப்பை எடுத்து இரண்டு கைகளையும் அளந்து ஃபோனில் எழுதுங்கள். இந்தப் பட்டியலில் தள்ளிப்போட்டால் திரும்பக் கிடைக்காதது அந்த ஆறு எண்கள்தான்.